கலியாணத் தொழிலுக்கும் ஒரு காப்பு

"வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்" என்பது பழமொழி. மனிதனுடைய பொருளையும் பொறுமையையும் ஒருங்கே சோதிக்கும் கருமங்கள் இவ்விரண்டுமே என்பது அதன் கருத்து. ஆயினும், தம் ஆயுளில் ஒரு தடவையோ இரு தடவையோ கலியாணம் செய்து வைக்கும் பெற்றோரை மனத்திற் கொண்டே இப்பழமொழி பிறந்தது. ஆண்டொன்றிற்கு ஐம்பது அறுபது கலியாணங்களைத் தம் தோளிற் சுமக்கும் ஒரு கூட்டத்தார் நம் மத்தியில் இருக்கின்றனர். பந்தல் இடுவோர், மணவறை சோடிப்போர், கதிரை மேசை வாடகைக்கு விடுவோர், சமையற்காரர், பலகாரமும் கேக்கும் செய்து கொடுப்போர், ஒலியும் ஒளியும் அமைப்போர், படம் பிடிப்போர், மணமகளை அலங்கரிப்போர், வாகனம் விடுவோர் ஆகிய இவர்களைப் பற்றி அப்பழமொழி யாதும் பேசவில்லை. நாமும் அதிகம் பேசுவதில்லை. பந்தியில் உப்புக் குறைந்தாற் பேசுவோம். குறையாவிட்டால் வெற்றிலை போட்டுக்கொண்டு வீடு திரும்புவோம்.

இவ்வாரம் அத்தொழிலாளரையும் அவர்தம் குடும்பத்தாரையும் முன்னிட்டே எழுதுகிறோம். வர்த்தகம் பயிலும் மாணவர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. எடுத்துக்கொண்ட பொருள் காப்புறுதி.

காப்புறுதி என்றதும் சிலர் முகஞ் சுளிப்பர். முகவர் படலையைத் திறக்கும் ஓசை கேட்டவுடன் பின்வாசலால் வெளியேறும் பெரியவர்களும் உளர். மங்கல காரியத்தின் நடுவே தீயையும் திருட்டையும் விபத்தையும் பற்றிப் பேசுவது அபசகுனம் என்பது அவர்கள் எண்ணம். ஆனால், மணச்சடங்கின் தொடக்கத்திலே மணமகன் கையிற் கட்டப்படுவது யாது? காப்பு அன்றோ! இடையூறு நேரக்கூடும் என்பதை ஒப்புக்கொண்டு, அதற்கு முன்னேற்பாடாகக் கட்டுவதே அது. அச்சடங்கிற் குறை காணாத நாம், அதே முன்யோசனையைத் தொழிலிற் கைக்கொள்வதில் மட்டும் கூச்சப்படுவது பொருந்தாது.

உறவு செய்த வேலை தொழிலாயிற்று

முன்னொரு காலத்தில் நம் கிராமங்களிலே பந்தலை அயலவர் கூடி இட்டனர். வளவுக் கமுகும் தென்னையும் மரமாயும் கிடுகாயும் உதவின. பெண்கள் கூடியிருந்து பலகாரஞ் சுட்டனர். பெரிய கிடாரங்களும் அண்டாக்களும் கோயிலிலிருந்தோ ஊர்ச் சங்கத்திலிருந்தோ வந்தன. ஒரு கிடாரம் உடைந்தால் வழக்கில்லை. பந்தற்கால் சரிந்து ஒருவர் காயப்பட்டால் ஊரே அவரைப் பார்த்துக்கொண்டது. காப்புறுதி என்னும் சொல்லை அறியாவிட்டாலும் அதன் பயனை அவர்கள் அறிந்திருந்தனர்.

இன்று அவ்வாறில்லை. பந்தல் இரும்புக் குழாயாலும் தகரத்தாலும் துணியாலும் ஆயிற்று. மணவறை றெஜிபோமும் செயற்கைப் பூவும் வெல்வெற்றும் கொண்டு எழுகின்றது. ஒரு படப்பிடிப்பாளர் தோளில் தொங்கும் பையினுள்ளே ஒரு சிறு வீட்டின் விலை இருக்கின்றது. மின்பிறப்பாக்கி, ஒலிபெருக்கி, லொறி, நூற்றுக்கணக்கான கதிரைகள் ஆகியவற்றுட் பெரும்பாலானவை வங்கிக் கடனிலும் தவணைக் கட்டணத்திலும் வாங்கப்பட்டவை. உறவின் இடத்திலே ஒப்பந்தம் வந்துவிட்டது. அப்படியாயின், ஒப்பந்தத்தோடு சேர்ந்து வரும் பொறுப்பிற்கும் ஒரு வழி தேடவேண்டுமல்லவா?

மணவறை வாடகைக்கு விடும் ஒருவரை எண்ணிக்கொள்வோம். இருபது ஆண்டு உழைப்பின் பயனாகச் சேர்த்த பொருள்கள் அவர் வீட்டின் பின்புறக் கொட்டகையிலே கிடக்கின்றன. தை மாதத்து முகூர்த்தங்களுக்கு அச்சாரம் வாங்கியாயிற்று. மார்கழி இரவொன்றில் மின்னொழுக்கினால் ஒரு சிறு பொறி. றெஜிபோமும் துணியும் தீயைக் கண்டு பொறுத்திருப்பனவா? விடியும்போது அவர் கையில் இருப்பவை மூன்று: சாம்பல், வங்கிக் கடன், அச்சாரம் கொடுத்தவர்களுடைய தொலைபேசி அழைப்புகள். மகளின் பல்கலைக்கழகச் செலவும் அக்கொட்டகையையே நம்பியிருந்தது. இவ்வளவையும் ஓரிரவு கொண்டுபோகாமற் காப்பதற்கே காப்புறுதி வேண்டப்படுகின்றது.

பலர் கூடிச் சுமக்கும் சுமை

காப்புறுதியின் தத்துவம் நமக்குப் புதியதன்று. கிராமந்தோறும் மரண உதவிச் சங்கங்கள் இருப்பதை யாவரும் அறிவர். நூறு குடும்பங்கள் மாதந்தோறும் சிறு தொகை செலுத்துகின்றன. ஒரு வீட்டில் மரணம் நிகழ்ந்தால் அந்நிதி உதவுகின்றது. எவ்வீட்டில் எப்போது என்பது ஒருவருக்குந் தெரியாது. ஆனால், ஆண்டிற்கு ஏறக்குறைய எத்தனை என்பதைக் கணிக்கலாம். ஒருவனுக்குத் தாங்கொணாத சுமை, பலர் தோளில் ஏறும்போது இலேசாகின்றது. இக்கணக்கை விரிவாக்கியதே காப்புறுதி.

1666 ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் மூண்ட பெருந்தீயிலே ஏறத்தாழ 13,000 வீடுகள் எரிந்தன. அதன் பின்னரே அங்கே தீக்காப்புறுதி ஒரு தொழிலாக உருப்பெற்றது. அந்நூற்றாண்டின் இறுதியில் எட்வேட் லொயிட் என்பவரின் கோப்பிக் கடையிற் கூடிய வணிகர்கள் கப்பற் காப்புறுதியை வளர்த்தனர். நம் நாட்டில் 1961 ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த இலங்கைக் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் 1962 இல் வேலை தொடங்கியது. சில காலம் இத்தொழில் அரசின் தனியுரிமையாயிருந்து, 1980 களின் பிற்பகுதியில் மீண்டும் தனியாருக்குத் திறக்கப்பட்டது. இன்று பல கம்பனிகள் உண்டு. ஆதலால், விலையையும் நிபந்தனையையும் ஒப்பிட்டுப் பார்க்க வழி இருக்கின்றது.

பொருளுக்குக் காப்பு

முதலாவது, தொழிற் பொருள்களுக்கான தீக்காப்புறுதி. இதன் அடிப்படைப் பத்திரம் தீயையும் இடியையுமே பெரும்பாலும் தாங்கும். வெள்ளம், புயல், வெடிப்பு, வேண்டுமென்றே பிறர் செய்யும் சேதம் முதலியவற்றைக் கேட்டுச் சேர்த்துக்கொள்ளல் வேண்டும். வட கீழ்ப் பருவக்காற்று வீசும் நிலத்திலே வெள்ளத்தையும் புயலையும் விட்டுவிட்டுப் பத்திரம் எடுப்பது, கதவைப் பூட்டிச் சாளரத்தைத் திறந்து வைப்பதை ஒக்கும். 1978 ஆம் ஆண்டு நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளியையும், 2020 டிசம்பரில் திருகோணமலைக்கு அண்மையிற் கரை கடந்த புரெவிப் புயலையும் நினைவிற் கொள்க. வேலைநிறுத்தம், கலகம், பயங்கரவாதம் என்பனவற்றால் விளையும் நட்டத்திற்கும் தனியாகவே கட்டுப்பணம் செலுத்த வேண்டும். 1983 யூலையில் எரிந்த கடைகளின் கதையை அறிந்த குடும்பங்களுக்கு இதன் அவசியத்தை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, களவுக்குரிய காப்பு. இதிலே ஒரு நுட்பம் உண்டு. கதவையோ பூட்டையோ உடைத்து உட்புகுந்த அடையாளம் இருந்தாலன்றிப் பணம் தருவதில்லை என்பது வழமையான நிபந்தனை. கலியாணக் கூட்டத்தில், பந்தி நடக்கும் வேளையிலே, மேசைமேல் வைத்த கமெரா மறைந்தால் அதனைச் சாதாரணக் களவுப் பத்திரம் தாங்காது. படப்பிடிப்பாளர், ஒலிபெருக்கிக்காரர் போன்று பொருளை ஊர் ஊராகக் கொண்டு செல்வோர், எவ்விடத்திலும் நேரும் இழப்பையும் சேதத்தையும் உள்ளடக்கும் பத்திரத்தைக் கேட்டு வாங்குதல் வேண்டும். அப்பத்திரத்திலும், ஆளில்லாத வாகனத்தில் விட்டுச் சென்ற பொருளுக்கு விலக்கு இருக்கின்றதா என்று பார்த்துக்கொள்க.

பிறருக்கு நேரும் தீங்கு

பொருள் எரிந்தால் நட்டம் பொருளின் விலையோடு நின்றுவிடும். ஆளுக்குத் தீங்கு நேர்ந்தால் அதற்கு எல்லை இல்லை. இத்தொழிலில் மிகவும் அஞ்சத்தக்கது இதுவே. மிகவும் அலட்சியப்படுத்தப்படுவதும் இதுவே.

2004 ஆம் ஆண்டு ஜனவரி 23 ஆந் திகதி தமிழ்நாட்டின் சிறீரங்கத்திலே ஒரு திருமண மண்டபத்தில் நிகழ்ந்ததைப் பலர் அறிந்திருப்பர். வீடியோப் படப்பிடிப்பிற்காக அமைத்த மின்விளக்கின் இணைப்பில் எழுந்த பொறி ஓலைக் கூரையைப் பற்றியது. மணமகன் உட்பட 50 பேருக்கு மேல் மாண்டனர். 2023 ஆம் ஆண்டு செப்ரெம்பர் 26 ஆந் திகதி ஈராக்கின் வடபகுதியிலுள்ள கரகோஷ் நகரில், மண்டபத்தின் உள்ளே கொளுத்திய வாணம் கூரைச் சோடனையில் மூண்டு நூற்றுக்கு மேற்பட்டோரை விழுங்கியது. விளக்குப் பிடித்தவரும் வாணம் வைத்தவரும் கொலை செய்ய வந்தவர்களல்லர். அன்றைய கூலிக்கு வந்தவர்கள். ஆயினும், சட்டத்தின் கேள்வி கூலி எவ்வளவு என்பதன்று. கவனம் எவ்வளவு என்பதே.

நம் நாட்டிலே வழங்கும் உரோமன்-ஒல்லாந்தச் சட்டத்தின்படி, ஒருவருடைய கவனயீனத்தால் மற்றொருவர் உடலுக்கோ உடைமைக்கோ தீங்கு விளைந்தால் அவர் நட்டஈடு கொடுக்கக் கடமைப்பட்டவராவர். மணவறை சரிந்து விருந்தினரின் கால் முறிந்தாலும், மண்டபத்துச் சுவரில் மின்கம்பி சுட்டாலும், அச்சோடனைக்குப் பெற்ற வாடகை 50,000 ரூபாவே என்பதனால் நட்டஈடும் அவ்வளவில் நின்றுவிடாது. இதற்கென அமைந்ததே பொதுமக்கள் பொறுப்புக் காப்புறுதி. நட்டஈட்டை மட்டுமன்றி வழக்குச் செலவையும் இது தாங்குகின்றதா என்பதைப் பத்திரத்தை வாசித்து உறுதி செய்க.

சமையற்காரரும் கேக் செய்வோரும் இன்னொன்றைக் கவனித்தல் வேண்டும். விற்ற உணவினால் விளையும் தீங்கு சாதாரணப் பொறுப்புப் பத்திரத்தில் அடங்காதிருக்கலாம். உற்பத்திப் பொருளுக்கான பொறுப்பு என்று அதனைத் தனியே சேர்க்க வேண்டும். ஐந்நூறு பேருக்குச் சமைக்கும் ஒருவர், பழுதடைந்த ஒரு கறியினால் ஐந்நூறு வயிற்றுக்கும் பதில் சொல்ல நேரிடும். சமையல் எரிவாயுவும் அத்தகையதே. 2021 ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் இலங்கையெங்கும் எரிவாயு அடுப்புகள் அடுத்தடுத்து வெடித்ததை இல்லத்தரசிகள் மறந்திருக்கமாட்டார்கள். அதே சிலிண்டர்கள் பத்தை ஒரே கொட்டகையின்கீழ் வைத்துச் சமைப்பவரின் நிலையை எண்ணிப் பார்க்க.

இலண்டனிலே நம்மவர் பலர் மணவறைச் சோடனையும் சமையலும் தொழிலாய்ச் செய்கின்றனர். அங்குள்ள மண்டபங்கள் பல, பொதுமக்கள் பொறுப்புக் காப்புறுதிச் சான்றிதழைக் காட்டினாலன்றி அவர்களை உள்ளே விடுவதில்லை. இங்கே நாம் சாதகத்தைக் கேட்போம்; சான்றிதழைக் கேட்பதில்லை. அவ்வழக்கத்தை நம் மண்டபத்தாரும் கைக்கொண்டால் நன்மை யாவர்க்கும் உண்டாகும்.

பந்தலில் ஏறும் பையன்

பந்தல் உச்சியிலே துணி கட்ட ஏறுபவர் பெரும்பாலும் முதலாளி அல்லர். நாட்கூலிக்கு வந்த அயற்பையன். அவன் தவறி விழுந்து முதுகெலும்பு முறிந்தால் யார் பொறுப்பு? "நாளாந்தக் கூலிதானே, பதிவேட்டில் பெயரும் இல்லை" என்று சொல்வோர் உண்டு. அச்சொல் சட்டத்தின் முன் நில்லாது. வேலையின் நிமித்தம், வேலை நேரத்தில் நேர்ந்த விபத்திற்கு முதலாளி நட்டஈடு செலுத்த வேண்டும் என்று 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் விதித்துள்ளது. அது பின்னர் பல தடவை திருத்தப்பட்டுமிருக்கின்றது. நாட்கூலி என்னும் காரணத்தால் மட்டும் ஒருவர் அச்சட்டத்தின் நிழலை இழப்பதில்லை.

தொழிலாளர் நட்டஈட்டுக் காப்புறுதி இச்சுமையை ஏற்கும். இங்கிலாந்திலே 1969 ஆம் ஆண்டின் சட்டம் இத்தகைய காப்புறுதியை முதலாளிகளுக்குக் கட்டாயமாக்கியது. குறைந்தது 50 இலட்சம் பவுணுக்கு அது இருத்தல் வேண்டும். நம் நாட்டிலே பந்தற்காரரை அவ்வாறு எவரும் கட்டாயப்படுத்துவதில்லை. எனினும், சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில் மனச்சாட்சி கட்டாயப்படுத்தலாம். அப்பையனுக்கும் ஒரு தாய் இருக்கிறாள். அவன் கூலியை நம்பி ஓர் அடுப்பு எரிகின்றது. முதலாளியும் தமக்கென ஒரு தனிநபர் விபத்துக் காப்புறுதி எடுத்தல் நன்று. ஏனெனில், தொழிலாளர் பத்திரத்திலே முதலாளி தொழிலாளியாகக் கணிக்கப்படுவதில்லை.

மாப்பிள்ளை ஏறும் கார்

மோட்டார் வாகனத்திற்கு மூன்றாந் தரப்புக் காப்புறுதி நம் நாட்டிற் கட்டாயமானது. யாவரும் எடுத்தே இருப்பர். ஆனால், அழகான காரொன்றை வைத்திருப்பவர் முகூர்த்த நாட்களில் அதனை மாப்பிள்ளைக்கென வாடகைக்கு விடும்போது, தம் பத்திரம் எவ்வகைப் பாவனைக்கு என்று பார்ப்பதில்லை. சொந்தப் பாவனைக்கு எடுத்த பத்திரத்தை வைத்துக்கொண்டு வாடகை ஓட்டம் ஓடினால், விபத்தின்போது கம்பனி கைவிரித்துவிடும். லொறியிலே சாமான் ஏற்றுவோரும், லொறிக்கான பத்திரம் அதனுள் இருக்கும் சாமானைத் தாங்காது என்பதை அறிதல் வேண்டும். அதற்கு, எடுத்துச் செல்லும் பொருளுக்கான காப்புறுதி வேறாக உண்டு.

நடவாத கலியாணம்

2019 ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னரும், 2020 மார்ச் 20 ஆந் திகதி நாடு முழுவதும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்ட பின்னரும் கலியாணங்கள் நின்றன. அல்லது பதிவுத் திருமணமாய்ச் சுருங்கின. கொட்டகையில் எதுவும் எரியவில்லை, எவருக்கும் காயமில்லை, ஆனால் வருமானம் முற்றாக நின்றது. அப்போது பலர் கேட்ட கேள்வி, "இதற்கும் காப்புறுதி உண்டா?" என்பதே.

தொழில் தடைப்படுவதற்கான காப்புறுதி ஒன்று உண்டு. ஆயின், அது வழக்கமாகப் பொருட்சேதத்தைத் தொடர்ந்தே செல்லும். தீப்பட்டுக் கொட்டகை அழிந்ததனால் மூன்று மாதம் வேலை செய்ய இயலாவிட்டால் அவ்வருமான இழப்பை அது ஈடுசெய்யும். சேதமேயில்லாமல் ஊரடங்கினால் நின்ற தொழிலை அது பெரும்பாலும் அறியாது. இங்கிலாந்திலே இவ்விடயம் உச்ச நீதிமன்றம்வரை சென்று, 2021 ஜனவரி 15 ஆந் திகதி தீர்ப்பாயிற்று. தொற்றுநோய் பற்றிய வாசகம் பத்திரத்திலே எழுதப்பட்டிருந்தவர்களுட் பலர் பயன்பெற்றனர். அவ்வாசகம் இல்லாதவர்களுக்கு அத்தீர்ப்பு உதவவில்லை. ஒரு வாசகத்தின் பெறுமதி எத்தகையது என்பதை மாணவர்கள் இதனால் உணரலாம்.

ஆதலால், இவ்விடத்தில் முதற் காப்பு காப்புறுதியன்று, எழுத்திலுள்ள ஒப்பந்தமே. கலியாணம் பிற்போடப்பட்டால் அச்சாரம் அடுத்த நாளுக்குச் செல்லுமா, நிறுத்தப்பட்டால் எவ்வளவு திருப்பித் தரப்படும், ஊரடங்கோ புயலோ வந்தால் யார் எதற்குப் பொறுப்பு என்பவற்றை ஒரு தாளிலே எழுதி இரு பகுதியாரும் கையொப்பமிட்டால் மனத்தாங்கல் பாதி குறையும். படப்பிடிப்பாளர், தம்மிடமுள்ள படங்கள் அழிந்துபோனால் என்ன செய்வதென்பதையும் எழுத வேண்டும். தாலி கட்டும் கணத்தை இன்னொரு முறை படம் பிடித்தல் இயலாது. தொழிற்கடமையில் நேரும் தவறுகளுக்கும் காப்புறுதி உண்டு என்பது உண்மையே. எனினும், அன்றிரவே இரண்டு இடங்களிற் பிரதி எடுத்து வைப்பது அதனிலும் மலிவானது.

பத்திரம் எடுக்குமுன்

மூன்று விடயங்களை மனத்திற் பதித்தல் வேண்டும்.

முதலாவது, உண்மை. கம்பனி தரும் படிவத்திலே கேட்கப்படுபவற்றிற்கும், தாம் அறிந்த முக்கியமான விடயங்களுக்கும் ஒளிவுமறைவின்றி விடை எழுதுக. 1766 ஆம் ஆண்டிலே மான்ஸ்பீல்ட் பிரபு என்னும் ஆங்கில நீதியரசர், சுமாத்திராத் தீவின் கோட்டை ஒன்றைப் பற்றிய வழக்கில் இக்கோட்பாட்டை விளக்கினார். அபாயம் எத்தகையது என்பதை அறிந்தவன் காப்புறுதி பெறுபவன். கம்பனியோ அவன் சொல்லை நம்பி இறங்குகின்றது. ஆதலால், அவன் மறைத்தால் ஒப்பந்தம் நிலைக்காது. அதே வழக்கில், காப்பளித்தவர் தாமே அறிந்திருந்ததைச் சொல்லவில்லையென்று பின்னர் குறைகூற இயலாது என்பதும் தெளிவாயிற்று. தீர்ப்பும் காப்புறுதி பெற்றவர் பக்கமே அமைந்தது. கொட்டகைக் கூரை கிடுகானால் கிடுகு என்றே எழுதுக. ஓடு என்று எழுதிக் கட்டுப்பணத்திற் சில நூறு ரூபாவை மிச்சம் பிடித்தவர், தீயின் பின்னர் இலட்சங்களை இழப்பர்.

இரண்டாவது, சரியான பெறுமதி. 20 இலட்சம் ரூபாப் பொருளை 10 இலட்சத்திற்கே காப்புறுதி செய்த ஒருவருக்கு 4 இலட்சம் ரூபா நட்டம் நேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். 10 இலட்சம்வரை காப்பு இருப்பதனால் 4 இலட்சமும் கிடைக்கும் என்று அவர் எண்ணுவார். அவ்வாறன்று. பெறுமதியின் பாதியையே காப்புறுதி செய்ததனால் நட்டத்தின் பாதியாகிய 2 இலட்சமே கிடைக்கும். மறுபாதிக்கு அவரே தமக்குக் காப்புறுதிக்காரர் என்று பத்திரத்தின் விகிதாசார விதி கொள்கின்றது. 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு டொலருக்கு ஏறக்குறைய 200 ரூபாவாயிருந்த விலை, அவ்வாண்டின் நடுப்பகுதியில் 360 ரூபாவை எட்டியது. இறக்குமதியாகும் கமெராவும் விளக்கும் ஒலிபெருக்கியும் விலையேறின. அதற்கு முன் எழுதிய தொகையையே ஆண்டுதோறும் புதுப்பித்து வருபவர், தம்மையறியாமலே அரைக்காப்பில் நிற்கின்றார்.

மூன்றாவது, வாசிப்பு. பத்திரம் வாய்ப்பேச்சுக்குக் கட்டுப்பட்டதன்று. "எல்லாம் கிடைக்கும் அண்ணை" என்று முகவர் சொன்னது எழுத்தில் உண்டா என்று பார்க்க. விலக்குகள், ஒவ்வொரு நட்டத்திலும் தாமே ஏற்கவேண்டிய முதற் பகுதி, கட்டுப்பணம் செலுத்தும் இறுதித் திகதி ஆகிய மூன்றையும் முதலில் வாசித்து அடிக்கோடிடுக. தந்தைக்கு வாசிக்கச் சிரமமாயின் பிள்ளைகள் வாசித்துச் சொல்லலாம். கல்வியின் பயன் பரீட்சையோடு முடிவதன்று.

தீங்கு நேர்ந்தபின்

பொருள்களின் பட்டியல், பற்றுச்சீட்டு, படம் ஆகியவற்றைக் கொட்டகையில் வைக்காமல் வேறிடத்தில் வைத்திருத்தல் வேண்டும். பொருளோடு பற்றுச்சீட்டும் எரிந்து பயனென்ன? விபத்து நேர்ந்தவுடன் மேலும் சேதம் பரவாமல் தடுத்து, கம்பனிக்கு அறிவித்து, களவாயின் பொலிசிலும் முறையிடுக. மதிப்பீட்டாளர் வருமுன் எச்சங்களை அகற்றிவிட வேண்டாம். காயமடைந்தவரை உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க. அது மனிதக் கடமை. ஆனால், கம்பனியின் சம்மதமின்றி "இவ்வளவு தருகிறேன்" என்று பொறுப்பேற்று எழுதிக் கொடுப்பது காப்பைப் பலவீனப்படுத்தும்.

கோரிக்கை மறுக்கப்பட்டால் அதற்குரிய காரணத்தை எழுத்திற் பெறுக. முதலில் கம்பனிக்கே மேன்முறையீடு செய்க. அதில் திருப்தி இல்லையாயின், 2005 முதல் இயங்கிவரும் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடமோ, இத்தொழிலை ஒழுங்குபடுத்தும் அரச ஆணைக்குழுவிடமோ முறையிடலாம். நீதிமன்றத்தின் வாயில் அதன் பின்னரும் திறந்தே இருக்கும்.

எதனை முதலில் எடுப்பது?

இத்தனையையும் ஒருங்கே எடுக்கப் பொருள் போதாது என்று சிறுதொழிலாளர் கூறுவர்; அது நியாயமே. அவ்வாறாயின் ஒரு வரிசையைக் கைக்கொள்க. எந்த நட்டம் நேர்ந்தால் மீண்டும் எழும்ப முடியாதோ அதற்கு முதலிற் காப்புத் தேடுக. பத்துக் கதிரை உடைந்தால் அடுத்த முகூர்த்தத்தில் வாங்கலாம். ஒரு விருந்தினரின் உயிருக்கோ தொழிலாளியின் முதுகெலும்புக்கோ அடுத்த முகூர்த்தம் ஈடுசெய்யாது. ஆதலால், ஆட்களுக்கு நேரும் தீங்கிற்கான பொறுப்புக் காப்புறுதியும் தொழிலாளர் காப்புறுதியும் முதலில். தீயும் வெள்ளமும் அடுத்து. களவும் எடுத்துச் செல்லும் பொருளும் அதன் பின். ஓரூரிலுள்ள தொழிலாளர் சிலர் சங்கமாய்ச் சேர்ந்து ஒரே கம்பனியை அணுகினால், கட்டுப்பணத்திற் பேரம் பேசவும் வாய்ப்புண்டு.

கலியாண வீட்டாருக்கும் ஒரு சொல். மிகக் குறைந்த விலை சொன்னவரைத் தேடிப் பிடிப்பதிலே நாம் வல்லவர்கள். இனிமேல் விலை கேட்கும்போது, "உங்களுடைய ஆட்களுக்குக் காப்புறுதி உண்டா?" என்றும் ஒரு கேள்வி கேட்போமாக. அக்கேள்வி ஊரெங்கும் ஒலிக்கத் தொடங்கினால், அதற்கு விடை சொல்லக்கூடியவர்களே தொழிலில் முன்னேறுவர். அவர் கேட்கும் சில ஆயிரம் ரூபாவை வீண்செலவென்று எண்ணவும் மாட்டோம். நாள் பார்க்கிறோம், பொருத்தம் பார்க்கிறோம், பந்தலின் உறுதியையும் அதன் உச்சியில் ஏறுபவனின் பாதுகாப்பையும் பார்ப்பதற்கு அதிக நேரஞ் செல்லாது.

காப்புறுதி தீயைத் தடுப்பதில்லை, மழையை நிறுத்துவதில்லை. நல்ல மின்கம்பியும், தீயணைக்கும் கருவியும், உறுதியான ஏணியும், சுத்தமான சமையற்கட்டும் செய்யவேண்டிய வேலையை அது செய்யாது. அவை யாவும் செய்தும் மனித முயற்சியை மீறி ஒன்று நேர்ந்துவிட்டால், ஒரு குடும்பம் தெருவுக்கு வராமற் காக்கும். அவ்வளவே அதன் வேலை. வருகின்ற முகூர்த்த காலம் தொடங்குமுன், இத்தொழிலில் உள்ளோர் தம் கொட்டகையை ஒருமுறை சுற்றிப் பார்த்து, உள்ளே இருப்பவற்றின் இன்றைய விலையை ஒரு தாளில் எழுதுவாராக. அத்தாளின் கீழே வரும் கூட்டுத்தொகையே, அடுத்துச் செய்யவேண்டியதை அவருக்குச் சொல்லிவிடும்.